‘சரிங்க’வுக்கு ஆறு மாதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டு நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை நீதவானுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்த முதல் ஆள் நான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. குற்றப்பத்திரத்தை மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு, ‘ஒத்துக்கிறியா?’ என்று கேட்பேன். பதில் வாயிலிருந்து விழுமுன்னே அதை இங்கிலீஷாக்கிவிடுவேன்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவரை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்தார்கள். மூன்று தடவையும் ஒரே வழக்கு, தோட்டத்துக் காட்டில் திருட்டு விறகு வெட்டியது. முதல் இரண்டு தடவையும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு போனவர். மூன்றாவது என்றால் அபராதம் கிடையாது. ஆறு மாதம் உள்ளே. நீதவான் நினைத்தாலும் ஒரு நாள் குறைக்க முடியாது, சட்டம் அப்படி. ஜெயிலுக்குப் போனால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் வேலையோடு, தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போச்சு.

வழக்கைக் கூப்பிடுமுன் அவருடைய மனைவி இடுப்பில் குழந்தையோடு வராந்தாவில் என்னை மறித்தார். அறையும் போய்விட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது என்று கேட்டார். முன்னே இரண்டு தடவையும் அவராகத்தானே ஒப்புக்கொண்டார், நான் என்ன செய்ய என்று எரிந்து விழுந்தேன்.

“எங்கங்க ஒத்துக்கிட்டாரு? சரிங்கன்னுதானே சொன்னாரு. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நிக்கவச்சு தொரை ஏசினாலும் சரிங்கதான். இன்னைக்கு வேலை இல்லேன்னு வெரட்டினாலும் சரிங்கதான். காதுல விழுந்துச்சுன்னு அர்த்தங்க ஐயா.”

இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து கடை வாசலில் கேட்ட சொல். அதையே இரண்டு தடவை ‘கில்ட்டி’ என்று சொல்லியிருந்தேன்.

அன்று கூண்டில் நின்றவரிடம் நிதானமாக, வெட்டினீங்களா இல்லையா என்று கேட்டேன். இந்தத் தடவை வெட்டினது நிஜம் என்றார். விடாத மழை, பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பில் வைக்க ஒரு குச்சி இல்லை. முன்னே இரண்டு தடவை வெட்டியது தான் இல்லை என்றும் சொன்னார். அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நீதவான் கேட்கச் சொன்னார்.

“யாரும் கேக்கலீங்களே” என்றார் அவர்.

நான் செய்த தவறை அங்கேயே நீதவானிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். பழைய வழக்கேடுகளைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்பீலுக்கான தவணை எப்போதோ கழிந்துவிட்டது, ஏட்டில் இரண்டு இருந்தால் எனக்கு இது மூன்றுதான், என் கையில் ஒன்றுமில்லை என்றார். ஒரு கட்டு விறகுக்கு ஆறு மாதமா என்று இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆளைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற சட்டம். அந்த எண்ணிக்கையை ஏற்றிவிட்டவன் நான். யாரைப் போய்த் திட்டுவது?

தீர்ப்பையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு மாதம் என்றேன். அவர் கும்பிட்டார்.

“சரிங்க.”

என்ன சொல்கிறார் என்று நீதவான் கேட்டார். காதில் விழுந்தது என்கிறார் என்றேன். மூன்றாவது தடவை சரியாக மொழிபெயர்த்துவிட்டேன்.