பாப்பா இருந்த போன்

என் மகளுக்குப் பெயர் வைத்திருந்தோம். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். ஒரு வயது நிறையும் முன்பே, நெஞ்சில் சளி கட்டி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அவள் போன பிறகு என் போனில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறிக்கூடம், அதை நடத்துவது என் வீட்டுக்காரர். பாப்பாவை யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும்வரை குழந்தையின் முகம் வெளியே போகக் கூடாது, கண் பட்டுவிடும். சொன்னது அத்தை, அதாவது என் மாமியார். கறாராகக் காவல் காத்தது நான். கம்ப்யூட்டர் படித்தவள் இதையெல்லாம் நம்புகிறாளே என்று யாராவது கிண்டல் செய்தால், "படிச்சா கண்ணு படாதுங்களா?" என்று திருப்பிக் கேட்பேன். ஸ்டேட்டஸில் கிடையாது, குடும்ப வாட்ஸாப் குரூப்பில் கிடையாது. கல்யாண வீட்டில் எவராவது போனைத் தூக்கினால் நான் முறைக்கிற முறைப்பில் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

படம் எடுக்கும் உரிமை என் போனுக்கு மட்டும் இருந்தது. நானும் சளைக்காமல் எடுத்தேன். தூங்கினால் ஒன்று, கொட்டாவி விட்டால் ஒன்று, ராகிக் கூழை மூக்கில் அப்பிக்கொண்டால் நாலைந்து. சீக்கிரமே போன் நிறைந்து திணறியது. வீட்டுக்காரர்தான் ஒரு போட்டோ ஆப்பைப் போட்டு, படங்கள் தானாக ஆன்லைனில் ஏறும்படி செய்து வைத்தார். அப்புறம் இடத்தைக் காலி செய்யும் பட்டன் ஒன்றை அழுத்தினார். போன் லேசானது, ஆனால் படங்கள் எல்லாம் ஆன்லைனில் அப்படியே இருந்தன.

"பாத்தியா அம்மணி, இனி போன் தொலஞ்சாலும் பாப்பா பத்திரம்" என்றார். அன்றைக்குப் பார்த்ததை அவர் முழுசாக நம்பிவிட்டார். எல்லாம் கெட்டது அதில்தான்.

கைக்குழந்தை இறந்தால் எங்களில் பெரிதாகச் சடங்கு செய்வதில்லை. பதினாறாம் நாள் கிடையாது, சுவரில் மாலை போட்ட படமும் கிடையாது. தொட்டில் சேலையையும் சட்டைகளையும் யார் யாரோ எடுத்துப் போனார்கள். அவள் வந்துபோனதற்கு வீட்டில் ஓர் அடையாளம் இல்லை என்றானபோது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. மிஞ்சியது போன். அந்தப் போட்டோ ஆப்புக்கு யார் செத்தார்கள் என்று தெரியுமா? காலையில் திறந்தால் பாப்பாவின் படங்களைக் கோத்து, புல்லாங்குழல் இசை போட்டு, இனிய நினைவுகள் என்று நீட்டும். நான் அதிலேயே கிடந்தேன். சோறு தண்ணீர் மறந்தேன்.

ஒருநாள் சமையலறையில் அத்தை தன் மகனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்தப் போனுல பாப்பா இருக்கற வரைக்கும் இவ எந்திரிக்க மாட்டா கண்ணு. எடுத்துப்போடு."

நான் குளிக்கப் போயிருந்த ஒரு காலையில் அவர் எடுத்துவிட்டார். ஆப்பே பாப்பாவின் முகத்தைக் கண்டுபிடித்து அவள் படங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தது. அவருக்கு வேலை சுலபம். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தார். நான் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று, அழித்த படங்கள் போய் விழும் ஆப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

நான் கத்தினேன். அவர் பதறவில்லை.

"அழிக்கல அம்மணி. போன்ல இருந்துதான் எடுத்தேன். ஆன்லைன்ல அப்பிடியேதான் இருக்கு. நீ கொஞ்சம் தேறி வா, நானே எறக்கித் தாரேன்."

நானும் நம்பினேன். உண்மையைச் சொன்னால் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது. குழந்தையை யாரோ நல்லவர்கள் வீட்டில் விட்டு வந்த மாதிரி ஒரு நிம்மதி. சில வாரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஒழுங்காகச் சாப்பிட்டேன். பிறகு ஒருநாள் தறிக்கூடத்துக்கே போய், "இப்பக் காட்டுங்க" என்று நின்றேன்.

அங்கிருந்த கம்ப்யூட்டரில் திறந்தார். நூல் கோன், சேலை பார்டர், லாரியில் ஏற்றிய பேல் மூட்டைகள். அவருடைய படங்கள் வரிசையாக வந்தன. இரண்டு போனுக்கும் ஒரே கணக்குதான். மேலும் கீழும் உருட்டினார். பாப்பா இல்லை. திடீரென்று எழுந்து, "தறிய நிறுத்துங்கப்பா" என்று கத்தினார். சத்தம் நின்றால் கிடைத்துவிடும் என்று நினைத்தார் போல. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதும் பார்டரும் பேலும்தான் இருந்தன.

கோயம்புத்தூரில் போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க அழுத்துனது போன்ல இருக்கற நகல மட்டும் எடுக்கறதுங்க. இப்பச் செஞ்சது அப்பிடியில்லீங்க. இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சுரும். குப்பத் தொட்டில இருந்தாலாவது எடுத்திருக்கலாங்க, அதயும் காலி பண்ணிப்போட்டீங்களே."

திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன, அவர் அழுதுகொண்டே இருந்தார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதன்பின் சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் செய்தேன். பாப்பா படம் ஏதாவது, ஓரத்தில் தெரிவதாவது, இருக்கிறதா என்று கெஞ்சினேன். யாரிடமும் இல்லை.

"நீதான் எடுக்கவே கூடாதுன்னு சொல்லிப்போட்டியே கண்ணு" என்றார் பெரியம்மா. குத்திக்காட்டவில்லை, பாவம். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

கடைசியில் ஈரோட்டில் இருக்கும் என் தங்கை தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுக்கா. மண்டபத்துல உனக்குத் தெரியாம எடுத்தேன். நீ திட்டுவேன்னு சொல்லல. ஆனா அது..." என்று நிறுத்தினாள்.

"ஆனா எல்லாம் வேண்டாம், அனுப்பு" என்றேன்.

படம் வந்தது. கல்யாண மண்டபத்து நாற்காலியில் நான், மடியில் பாப்பா. கொலுசுக் கால் தெரிகிறது. மஞ்சள் கவுன் தெரிகிறது. நான் கேமராவைப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. என் கை குழந்தையின் முகத்தை முழுக்க மூடியிருக்கிறது.

வீட்டுக்காரர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், வெளிச்சம் கூட்டிப் பார்த்தார்.

"ஸ்டூடியோவுல குடுத்தா இந்தக் கைய மட்டும் எடுத்துத் தருவாங்கல்ல அம்மணி?" என்றார்.

"எடுப்பாங்க" என்றேன். "எடுத்தா அதுக்கடியில ஒண்ணும் இல்லீங்க."