நீர் கோத்த உடம்பு

எண்பதுகளின் தொடக்கம். மருந்தியல் ஆராய்ச்சி மாணவனாக ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு மலையூரில் தங்கியிருந்தேன். எடை பார்க்கும் தராசு, சிறுநீர் பிடித்து வைக்கும் புட்டிகள், மூட்டு வீக்கத்துக்கான மாத்திரைகள். அந்த மாத்திரை உடம்பிலுள்ள உப்புகளை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பத்து நாள் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த ஆளின் முடிவு செல்லாது என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

புளி உலுக்குகிறவர் ஒருவர் முழங்கால் வீங்கிக் கிடந்தார். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே மரம் ஏறிவிட்டார். கிளை அவரைத் தூக்கித் தூக்கி ஆட்டியது. கீழே புளி மழை. அண்ணாந்து நின்ற எனக்குக் கர்வம், ஏதோ நானே ஏறியது போல.

ஐந்தாம் நாள் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. புட்டி பாதிகூட நிறையவில்லை. அவர் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா சார், உடம்பு தேறிடுச்சி! அரைஞாண் கயித்த நேத்துதான் அவுத்து லூசா கட்டிவுட்டேன்."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "மாமியா வூட்டு விருந்துல ஏறாத சத, சாரு மாத்திரையில ஏறிடுச்சி."

"எங்கம்மா சோத்த ஏன் இழுக்கிற? தின்னவன் வாயி சரியில்ல."

மெலிந்த மனிதர்களின் ஊர். சதை வைத்தால் நல்ல காலம். தேறுகிற உடம்புக்கு ஊட்டம் வேண்டுமென்று அவள் சந்தையில் கருவாடு வாங்கி, சாமைச் சோற்றோடு தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். உப்புக்கு மேல் உப்பு.

அவர் கணுக்காலில் விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்தும் அது மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தது என்னை. சதையில்லை அது. வெளியேறாத உப்பும், அந்த உப்பு பிடித்து வைத்த தண்ணீரும்.

சொல்லியிருக்கலாம். கருவாட்டையாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இன்னும் ஐந்தே நாள் என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் காலை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

"படுத்தா... முட்டுதுங்க."

"சத போட்டா மூச்சு வாங்காதா?" என்று சிரித்த அவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இன்னா சார்?"

மாத்திரையால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். மீதி மாத்திரைகளைக் கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக என் கையில் போட்டாள்.

ஆலங்காயம் பஸ்ஸில் அவரை நடுவில் உட்கார வைத்தோம். வளைவுக்கு வளைவு அவர் தலை என் தோளில் வந்து விழுந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல் ஒரு சத்தம். காவலூர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அன்னிக்கி கால அமுத்திப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் என் தோளில் கிடந்த தலையை இரண்டு கையாலும் எடுத்து, தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.