ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளை

நான் பிறப்பதற்கு முன்பே எனக்கு வேலை முடிவாகிவிட்டது. கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த அம்மா, ஒரு குழந்தையைக் கொடுத்தால் அதை ஊழியத்துக்கே விட்டுவிடுகிறேன் என்று மைசூரில் எங்கள் தமிழ்ச் சபையின் முன்வரிசையில் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணியிருந்தாள். பிறந்தது பெண் என்றதும், பொருத்தனை செல்லுமா செல்லாதா என்று உறவில் சிலருக்குச் சந்தேகம் வந்ததாம். நானும் கேட்கும்போது பையன் என்று கேட்கவில்லை, தேவனும் பையன்தான் வேண்டும் என்று சொல்லவில்லை என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

ஆகவே நான் ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளை. மற்றப் பிள்ளைகளிடம் பெரியவளானால் என்ன ஆவாய் என்று கேட்பார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளி, குட்டிப் பிரசங்கியார் என்பார்கள். எனக்கோ நாலு பேர் கூடினால் குரல் தொண்டையைத் தாண்டாது. வகுப்பில் 'பிரசென்ட் மிஸ்' சொல்ல என் முறை வருவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். தேவன் என்னை ஒரு வேலைக்கென்று படைத்துவிட்டு, அதற்கு வேண்டியதை உள்ளே வைக்க மறந்துவிட்டார் என்று நான் உறுதியாக நம்பினேன். அதை வெளியே சொன்னால் தேவன்மேல் குற்றம் சொன்னதாகிவிடும் என்று சொல்லாமலும் இருந்தேன்.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயதிருக்கும். அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில் சிறுபிள்ளைகள் சார்பாக நான் பேசவேண்டும் என்று முடிவாயிற்று. தலைப்பு, 'தேவன் என்னை எதற்காகப் படைத்தார்?' பேச்சை அம்மா யோசித்தாள், நான் மனப்பாடம் பண்ணினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்க, நான் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டிப் பேசுவேன்.

"ஸ்வல்ப ஜோரா பேசு. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும் அல்வா?" என்பாள் அம்மா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பாதிக் கன்னடத்தில்தான் பேசுவாள்; 'இல்லையா' என்பது அவள் வாயில் 'அல்வா' என்றுதான் வரும். அப்பா நஞ்சன்கூட்டு ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து, கதவோரம் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டு, நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கைகால் கழுவப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் தங்கை, கொள்ளேகாலத்தில் கட்டிக்கொடுத்திருந்தவள். அவளுடைய முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோயிற்று. இடம் மாறினால் மனசு மாறும் என்று மாமா அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார். அத்தை முன்னால் பாப்பாவைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டிருந்தாள். சபையிலிருந்து பெண்கள் வருவார்கள், ஜெபம் பண்ணுவார்கள். தேவன் தவறு செய்கிறவர் அல்ல, இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தட்டில் வைத்த சோறு பாதிக்குமேல் அப்படியே திரும்பி வரும்.

பண்டிகையன்று தூண்களிலெல்லாம் கரும்பு கட்டியிருந்தது. பீடத்தின் முன் பூசணிக்காயும் தேங்காயும் ரசபாளெ வாழைத்தாருமாகக் குவித்திருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்துக்குப் போகும். பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. அத்தையைத் தனியே விட மனமில்லாமல் அம்மா அவளையும் கூட்டி வந்திருந்தாள். ஆனால் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் கைக்குழந்தைகளோடு ஆசீர்வாதத்துக்கு வரும் நாள் அது. அத்தை வாசல்வரை வந்து, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, வெளியே குழாயடி மரத்தின் கீழிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

என் முறை வந்தது. மேடை ஏறினேன். இரண்டாவது வரிசையில் அம்மாவின் உதடு எனக்கு முன்னாலேயே அசைந்துகொண்டிருந்தது. வணக்கம் சொன்னேன். "தேவன் என்னைப் படைத்தார்," என்றேன். அதற்குமேல் வரவில்லை. படைத்தது வரை ஞாபகம் இருந்தது. எதற்காக என்பதுதான் போய்விட்டது. மறுபடியும், "தேவன் என்னைப் படைத்தார்," என்றேன். பிள்ளைகள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பாஸ்டர் இரக்கப்பட்டு, "ஆமென்" என்றார். சபையார் எல்லோரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். நான் இறங்கி, அம்மா இருந்த பக்கம் போகாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே நடந்தேன்.

அத்தை என்னைப் பார்த்து, கல்லில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"பேசி முடிச்சுட்டியா கண்ணு?"

"மறந்துடுச்சு அத்தே."

அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். உள்ளே பாட்டு ஆரம்பித்து முடிந்தது. பக்கத்தில் துக்கத்தோடு ஒருத்தி இருக்கும்போது என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பெண்கள் சொன்னதை அத்தனை முறை கேட்டிருந்தேன். ஆனால் அப்போது அதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

வெகுநேரம் கழித்து அத்தை சொன்னாள்: "நீயாவது ஒண்ணுஞ் சொல்லாம உக்காந்திருக்கியே கண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. ஒப்புக்கொடுத்த பிள்ளை வாயடைத்து இருப்பதை அத்தைகூடக் கவனித்துவிட்டாள். ஏதாவது சொல்லியாகவேண்டும் என்ற அவசரத்தில், பல நாளாக மனசில் இருந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"பாப்பாவுக்கு முடி இருந்துச்சா அத்தே?"

கேட்ட பிறகுதான் அம்மாவின் கட்டளை ஞாபகம் வந்தது. அத்தை என் முகத்தையே பார்த்தாள்.

"இருந்துச்சு கண்ணு. நெறைய. உங்கப்பனாட்டவே சுருட்டை."

அப்புறம் அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். விரல்கள் நீளமாக இருந்ததை, ஒரு காதின் நுனி மடிந்திருந்ததை, நர்ஸ் ஒரு மஞ்சள் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்ததை, அது தூங்குவது போலவே இருந்ததை. மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாளாம், மாமாவிடம்கூடச் சொல்லவில்லையாம். அதை என்னிடம் சொன்னாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. பயத்தில், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், பக்கவாட்டுக் கதவருகே அம்மா நின்றிருந்தாள். என்னைத் தேடி வந்திருக்கவேண்டும். பேச்சைக் கெடுத்தது ஒன்று, அத்தையை அழவைத்தது இன்னொன்று என்று நான் அடிக்குத் தயாரானேன். அம்மா எங்களை நின்று பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

ஏலச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அத்தை குழாயில் முகம் கழுவினாள். பசிக்கிறது என்றாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வீட்டில் அந்தப் பேச்சைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. சமையலறைப் பயிற்சி அதோடு நின்றது. அடுத்த வருஷம் வேறொரு பிள்ளை பேசியது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும், அழுகைதான் வந்தது. இந்தப் பிள்ளை உதவாது என்று அம்மா தேவனிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டாள் என்று எண்ணினேன்.

அத்தை சில வாரங்களில் கொள்ளேகாலத்துக்குத் திரும்பினாள். பின்னால் அவளுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் மைசூருக்கு வரும்போதெல்லாம் மூத்ததைப் பற்றிப் பேச என்னைத்தான் தேடுவாள். நான் இப்போது இதே ஊரில், இனிக் குணமாகாது என்று சொல்லிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். மருந்து கொடுக்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. இந்த ஊழியத்துக்குத் தேவனிடமிருந்து அழைப்பு எப்போது வந்தது என்று சபையில் கேட்கிறார்கள். வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த அறுப்புப் பண்டிகைக்குப் பிறகு அம்மா துக்க வீடுகளுக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். அம்மா மட்டும் என்னை உள்ளே அழைத்துப் போய், அந்த வீட்டில் அதிகமாக அழுகிறவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தான் காபி போடச் சமையலறைக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கு ஷிப்ட், என்னைத் தனியாக வீட்டில் விட முடியாது, அதனால்தான் கூட்டி வருகிறாள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.