கோழியை அழிக்காதீர்கள்

ரெங்கசாமி அண்ணன் போய்விட்டார். ரிங்லெட் டவுனிலிருந்து லோரியில் திரும்பும்போது, வளைவில் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்கள் சுட்டுவிட்டார்களாம்...

நம் எஸ்டேட் லயத்து கேட்டில் தினமும் நம் பைகளைச் சோதிப்பாரே, அதே காவல்கார அண்ணன்தான்.

நான் அழத் தொடங்கியதும் அம்மா என் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாத புள்ள. அவனுக்கு அழுதோம்னு காட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா நம்ம கதி என்ன?"

"அழலன்னா தொர கேப்பாரு, ஏன் யாரும் அழலன்னு," என்றார் அப்பா.

கர்ஃபியூ. கேட்டைப் பூட்டிவிட்டார்கள். சாவுக்குப் போக முடியாது. அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு, என்னோடு பள்ளிக்கு வரும் உங்களுக்கு எழுதுகிறேன்.

அறிவியல் பாடத்துக்குப் பச்சைப்பயறு கேட்டார்களே, நினைவிருக்கிறதா? உணவுப் பொருள் எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம். அண்ணன் நம் பாக்கெட்டுகளைக் காலி செய்தார். "வீட்டுலயே முளைக்க வச்சுக் கொண்டாங்க. முளைச்சிட்டா அது சாப்பாடு இல்ல, பாடம் லா."

பாக்கியத்தின் பயறு மட்டும் முளைக்கவில்லை. "இது பயறா, கல்லா? உங்க வீட்டுல பல்லு எல்லாருக்கும் இருக்காம்மா?" என்றார்.

கணக்கைக் கேட்டால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு விரல்விட்டு எண்ணுவார். ஆங்கிலம் கேட்டால், "எனக்குத் தெரிஞ்சது 'ஹால்ட்' ஒண்ணுதான். அத வச்சுக் கட்டுரை எழுதுவியா?"

அப்புறம் அந்த வரைபடம்...

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னார் சார். நான் எல்லாவற்றையும் வரைந்தேன். லயம், கேட், மேட்டில் இருக்கும் காவல் கொட்டகை, கோயிலுக்குப் பின்னால் காட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை.

அண்ணன் அதை விரித்துப் பார்த்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"யாருக்குப் போட்ட?"

"சாருக்குண்ணே."

"வேற எவனாச்சும் பாத்தா, காட்டுக்குக் குடுக்கப் போட்டதுன்னு உங்கப்பாவ ஏத்திக்கிட்டுப் போயிருவான்."

என் ரப்பரை வாங்கி அவரே அழித்தார். அழித்த இடம் பளிச்சென்று தெரிந்தது. அதனால் கொட்டகை மேல் ஒரு கோழி, பாதை மேல் ஒரு கோழி வரைந்தார். பிறகு உங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, உங்கள் படங்களிலும் அதே இடங்களில் கோழி வரைய வைத்தார்.

"நம்ம எஸ்டேட்ல வீட்ட விடப் பெரிய கோழியா?" என்று கேட்டார் சார். கோழியை அழித்துச் சரியாக வரைந்து நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

நாளைக்கு கேட்டில் புது ஆள் நிற்பான். நம் அப்பாக்களை அவனுக்குத் தெரியாது.

கோழியை அழிக்காதீர்கள். சார் அடித்தால் வாங்கிக்கொள்வோம்.

காலையில் இதைப் படித்துவிட்டுப் பலகை இடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கடைசி வீடு பாக்கியம். அடுப்பில் போட்டுவிடு, பாக்கியம்.

கேட்டில் யாரும் அண்ணனைத் தேடிப் பார்க்காதீர்கள். பையை மட்டும் திறந்து காட்டுங்கள்.

போய் வாங்கண்ணே. உங்கள் கோழிகள் நீங்கள் வரைந்த இடத்திலேயே இருக்கின்றன.