அம்மாவுக்கு நிறம் ஏறிய வருஷம்

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அம்மாவுக்கு நிறம் ஏறிக்கொண்டே வந்தது. போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் எங்கள் தெருவே அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. "மலைக்காத்து ஒத்துக்கிருச்சு, எப்பிடி வெளுத்துட்டா பாரு" என்றார்கள். அம்மா விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவாள். தோட்டத்துச் சேற்றில் வழுக்கும் என்று பெண்கள் எல்லோரும் செருப்பை ஜீப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவார்கள். அவசரத்துக்கு ஒதுங்குவதும் அந்த ஏலச்செடிகளுக்குள்தான். எனக்கு அதெல்லாம் எதற்கு? சிவப்பான அம்மா கிடைத்ததே பெருமை.

அதோடு அம்மா வேகாத அரிசியைத் தின்ன ஆரம்பித்தாள். பானைக்குள் கைவிட்டு அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். எனக்கும் ஒரு பிடி கிடைக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். இதையெல்லாம் கவனித்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மசக்கைதான் என்று முடிவுகட்டிவிட்டாள். எனக்குப் பிறகு வீட்டில் வேறு குழந்தை இல்லை. அம்மாவும் நாள் தள்ளிப்போயிருப்பதாகச் சொன்னாளாம். அன்றிலிருந்து அம்மா ஜீப் ஏறவில்லை. அத்தையே தண்ணீர் சுமந்தாள், அயிரைமீன் குழம்பு வைத்தாள். அம்மா பகலில் தூங்கி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தம்பிக்கு நான் பெயர்கூட வைத்துவிட்டேன்.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்க நர்ஸ் வந்தார். யாருக்காவது மண், அரிசி தின்னத் தோன்றுகிறதா, மூச்சு வாங்குகிறதா, வெறுங்காலில் நடந்து விரலிடுக்கில் அரிக்கிறதா என்று கேட்டார். நான் கையைத் தூக்கி, "எங்கம்மாவுக்கு எல்லாமே இருக்குக்கா" என்றேன். வகுப்பே சிரித்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்து அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"முழுகாம இருக்கீகளான்னு பாக்காம மாத்திரை தர முடியாது. நாளைக்கே போடி ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

அத்தைக்கு மறுநாள் களையெடுப்பு. அம்மாவுக்குத் துணையாக நான்தான் போனேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை இல்லை என்றார்கள். குடலில் கொக்கிப்புழு, அது ரத்தத்தைக் குடித்ததால்தான் இந்த வெளுப்பும், நாள் தள்ளியதும். வெறுங்கால் வழியாக ஏறுமாம். பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்து, செருப்பில்லாமல் தோட்டத்தில் கால் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

பஸ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, அத்தைட்ட இப்பச் சொல்லிராத. ரெண்டு நாள் போகட்டும், நானே சொல்றேன்" என்றாள்.

எனக்கு ஓட்டை வாய். தம்பி போய்ப் புழு வந்த ஆத்திரம் வேறு. வாசலில் கால் வைத்ததுமே எல்லாவற்றையும் அத்தையிடம் கொட்டிவிட்டேன்.

அத்தை நெஞ்சில் கைவைத்து, "பூச்சிதானா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அப்ப நாளைக்கு நீ வேலைக்கு வர்றேன்னு ஜீப்புக்காரர்ட்டச் சொல்லிரவா?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. பூச்சிக்காக யாரும் படுத்துக்கிடந்து அவள் பார்த்ததில்லை.

"சொல்லிருங்க மதினி" என்றாள் அம்மா.

என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் நான் கண்விழித்தபோது பாயில் அவள் இல்லை. தம்பி இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் மறைக்கச் சொன்னாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு இன்னும் இரண்டு நாள் படுத்திருக்க வேண்டும்போல் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.