தேயிலைக்கு மட்டும் பாதுகாப்பு

ஐந்து வருடச் சட்டப் படிப்பில் நான் சேர்ந்தது ஒரே ஒரு பாடத்துக்காக. தோட்டத் தொழிலாளர் சட்டம். பொதுவான தொழிலாளர் சட்டம் கட்டாயப் பாடம்தான், ஆனால் அதில் தோட்டத்துக்கு ஒரு பத்திதான் இடம். முழுசாகப் படிக்க இறுதியாண்டில் விருப்பப் பாடம் ஒன்று இருந்தது. சேரும் முன்பே அதைப் பார்த்து வைத்திருந்தேன்.

நீலகிரி மலையில், தேவாலாவில் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அப்பா இல்லை. தொழிலாளர் வரிசையில் நாங்கள் இருந்த லயத்து வீடு எஸ்டேட்டுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அம்மா ஓய்வு பெறுவதும் நான் படித்து முடிப்பதும் ஒரே வருடம். அதற்குள் அந்த வீட்டுக்காக வாதாடத் தெரிந்தவளாக நான் வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

நான்காம் ஆண்டு விடுமுறை முடிந்து மலையிறங்கிக் கல்லூரிக்குப் போனால், அறிவிப்புப் பலகையில் புதுப் பாடத்திட்டம். என் பாடத்தைக் காணோம். அந்த இடத்தில் கம்பெனி இணைப்பு, வரித் திட்டமிடல், அறிவுசார் சொத்துரிமை. இவற்றில் இரண்டை எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் கிடையாது என்று தடித்த எழுத்தில் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துறைத் தலைவரிடம் போனேன். அந்தப் பாடத்தைக் கேட்பார் இல்லை என்றார். கேட்கிறவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒருத்திக்காக வகுப்பு நடத்த முடியாதாம். ஆள் சேர்த்து வருகிறேன் என்று வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். கூடலூர்க்காரப் பையன்கூட, அதைப் படித்தால் எந்தக் கம்பெனியும் வேலை தராது என்று கையை விரித்தான். மறுபடி போய் நின்றபோது தலைவர் ரொம்பக் கருணையோடு ஒரு யோசனை சொன்னார்.

“நீலகிரிதானேம்மா நீ? சொத்துரிமைப் பாடத்தை எடு. புவிசார் குறியீடு வருது. உங்க ஊர்த் தேயிலைக்கு என்ன பாதுகாப்புன்னு முழுசாப் படிக்கலாம்.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார் மனிதர். தேயிலைக்குப் பாதுகாப்பாம். பறிக்கிறவள் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியோடு மழையில் நிற்கிறாள். அவளுக்கு என்ன பாதுகாப்பு என்று சொல்கிற பாடத்துக்குத்தான் கேட்பார் இல்லை. அப்போதும் அவர் மேசையில் ஒரு கப் டீ ஆறிக்கொண்டிருந்தது. கத்தியிருப்பேன். பட்டம் வேண்டுமே, கையெழுத்துப் போட்டேன். அந்தச் சொத்துரிமைப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. அதை நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது.

தோட்டச் சட்டத்தை நீயே படித்திருக்கலாமே என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. சட்டப் புத்தகத்தை வாங்கினேன், படித்தேன். தீர்ப்புகளை யார் சொல்லித் தருவார்கள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அந்தப் புத்திசாலிகளுக்கு மட்டும் தெரியாது.

அம்மா ஓய்வு பெற்ற ஆடி மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவளோடு நானும் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் பக்கத்தில் எஸ்டேட் வக்கீல் அனுப்பிய ஜூனியர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கல்லூரிதான், எனக்கு ஒரு வருடம் மூத்தவர். தோட்டத் தொழிலாளர் சட்டப் பாடத்தைப் படித்த கடைசி செட். மரியாதையாகத்தான் பேசினார். எந்தப் பிரிவு, எந்த விதி, எந்த நீதிமன்றம் என்ன சொன்னது என்று புத்தகம் பாராமல் அடுக்கினார். எல்லாம் எங்களுக்கு எதிராக. எங்களுக்குச் சாதகமானது எதையாவது அவர் சொல்லாமல் விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவகாசம் மட்டும் கேட்டேன். ஒரு மாதம் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மா குடையை விரித்து என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். லயத்துப் பாதையில் திரும்பினோம். பிறகு, குறை சொல்கிற குரலே இல்லாமல் கேட்டாள்.

“அந்தத் தம்பி நல்லாப் படிச்சிருக்கு. நீயும் அங்கதான படிச்ச?”