பத்தாவது கேள்வி

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகைகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரருக்கு அங்கே தச்சு வேலை. கோவில்பதாகையில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் பெண்ணுக்கு ஒன்றரை வயதானபோது, கோலார் சுரங்கத்தில் நல்ல வேலை இருக்கிறது, இடம் பார்த்துவிட்டு வந்து அழைத்துப்போகிறேன் என்று ரயிலேறினார். ஒரு வருஷம் கழித்து அங்கிருந்து வந்த ஒருவர், அவருக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்றார். ஆவடிப் பக்கம் எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

என்னை இல்லை என்று சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் பெண்ணை இல்லை என்றதைத் தாங்க முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் போனேன். அவருடைய குமாஸ்தா வயதான ஒரு பாய். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உன் வீட்டுக்காரர் இருக்கிற கோலார் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, நம்ம கோர்ட்டுச் சேவகன் போய் இழுத்து வர முடியாது, கேள்விகளை எழுதி அனுப்பினால் அந்த ஊர்க் கோர்ட்டில் அவரை நிற்க வைத்து, சத்தியம் வாங்கி, பதிலை எழுதி அனுப்புவார்கள் என்றார். பிறகு, அத்தாட்சி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அங்கேதான் என் புத்திசாலித்தனம் வெளியே வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் தகப்பன் பெயர் என்ன என்று நர்ஸம்மா கேட்டபோது, புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவர் வேலை முடிந்து வந்து சொல்லட்டும் என்றேன். அவர் வந்தார், குழந்தையைக் கொஞ்சினார், அந்தப் பெயர் விஷயத்தை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பிறப்புப் பதிவில் அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிட்டது. எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டி வைத்த ஐயரும் செத்துப்போயிருந்தார். வாடகை வீட்டுக்கார அம்மாளோ கோர்ட்டுப் படி ஏறமாட்டேன் என்றுவிட்டாள். அன்றைக்கு ஆயுசுக்குப் பயந்து விழுங்கிய பெயரை, பிறகு மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஊரே கேட்க மூன்று தடவை சொன்னேன்.

பாய் ஒன்பது கேள்விகள் எழுதினார். இந்தப் பெண்ணைத் தெரியுமா, ஆவடியில் வேலை செய்தது உண்டா, குழந்தையைப் பார்த்தது உண்டா என்று இப்படி. படித்துக் காட்டிவிட்டு, கைநாட்டு வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை.

"பாய், இன்னொண்ணு கேட்டு எழுதுங்க. கொழந்த அழுவும்போது மூச்ச அடக்கிக்குது. ஒடம்பே நீலமாப் பூடுது. அவரு இருந்தப்போ வெளிய தூக்கினு போவாரு, செத்த நேரத்துல சரி பண்ணி தூக்கினு வருவாரு. இன்னா பண்ணுவாருன்னு எனுக்குத் தெரியாம பூட்ச்சி."

"இன்னாமா இது? கோர்ட்டுல கேக்கற கேள்வியா இது, வைத்தியராண்ட கேக்கறதா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பேனாவை மையில் தொட்டு எழுதினார்.

பதில் வர நாலு மாசம் ஆயிற்று. கோர்ட்டில் படித்தார்கள். தெரியாது. இல்லை. பார்த்ததில்லை. ஒன்பதுக்கும் இப்படியே. ஒவ்வொரு தடவையும் மடியில் இருந்த பெண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பத்தாவது பதிலைப் படிக்கும்போது படித்தவரே தலையை நிமிர்த்தி என் பெண்ணைப் பார்த்தார்.

"முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, பயந்துகொள்ளும். தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளங்காலில் ஊத வேண்டும். இடது காலில்."

பார்த்ததே இல்லை என்ற குழந்தைக்கு எந்தக் காலில் ஊத வேண்டும் என்று எப்படித் தெரியும் என்றார் மாஜிஸ்ட்ரேட். இவள் அந்த ஆளின் குழந்தைதான், வளர்க்கும் செலவு அவர் பொறுப்பு என்று தீர்ப்பானது. பாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஜெயித்ததற்கா, அவர் இன்னும் மறக்கவில்லை என்பதற்கா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அன்று சாயங்காலம் வீட்டில் அவள் மூச்சடக்கியபோது இடது காலில் ஊதினேன். உடனே மூச்சு திரும்பிவிட்டது. அழுகை நின்றதும் தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள்.

உத்தரவு அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் வரவில்லை. என் பெண் இன்றைக்குத் தன் பேரப்பிள்ளைக்கு அப்படித்தான் ஊதுகிறாள். ஒன்பது கேள்விக்கு அத்தனை ஜாக்கிரதையாகப் பொய் சொன்ன மனுஷனுக்குப் பத்தாவதில் மாட்டிக்கொள்வோம் என்று தெரியாமலா இருந்திருக்கும்? குழந்தைக்காகத் தெரிந்தேதான் சொன்னார் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வதற்காவது அவர் ஒரு தடவை வந்திருக்கலாம்.